பழுதான தகடுகளின் விலை

கலை எதனையும் புதிதாகக் கற்பவன் பொருளை வீணாக்கியே கற்கிறான். தச்சுப் பழகுபவன் பலகையைக் கெடுக்கிறான். பிலிம் கமராவைக் கையிலெடுப்பவன் முதற் சுருள்கள் சிலவற்றைக் கெடுத்தே தீரவேண்டும். எண்முறைக் கமராக்கள் மலிந்துவிட்ட இந்நாளிற் பிலிமை நாடித் திரும்பும் இளைஞர் சிலர், சுருளிலுள்ள 36 படங்களிற் பெரும்பாலானவை இருண்டும் வெளிறியும் போவதைக் கண்டு, இக்கலை பொறுமையைக் கற்பிக்கிறது என்கின்றனர். உண்மைதான். எனினும், கெட்டுப்போன பிலிமின் விலையை யார் கொடுத்தார் என்ற கேள்வி பொறுமைக்கு முந்தியது. நிழற்பட வரலாற்றிலே அக்கேள்வியைத் துலக்கமாக எழுப்பும் கற்றுக்குட்டி ஒருவர் உளர். கல்கத்தாவிலே தொடங்கிய அவர் வாழ்க்கை நமது மலைநாட்டிலே முடிந்தது.

யூலியா மாகிரற் கமரன் 1815இற் பிறந்தவர். தந்தையார் கிழக்கிந்தியக் கம்பனியின் உத்தியோகத்தர். 1838இல் இவரை மணந்த சாள்ஸ் ஹே கமரனின் பெயரை நம் மாணவர் நன்கறிவர். கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவின் இரண்டாமவர் அவரே. நீதித்துறை பற்றிய அறிக்கையை 1832இல் அளித்தவரும் அவரே. இச் சீர்திருத்தவாதி பின்னர் இலங்கையிற் கோப்பித் தோட்டங்களின் உடைமையாளருமானார் என்பதைப் பாடநூல்கள் அதிகம் பேசுவதில்லை. 1848இல் இங்கிலாந்து சென்ற குடும்பம் 1860இல் வைற் தீவின் பிரெஷ்வோட்டர் என்னும் ஊரிற் குடியேறியது. அங்கு வாங்கிய வீட்டுக்கு இட்ட பெயர் ‘டிம்போலா’. நமது திம்புள்ளதான் ஆங்கில நாவில் அவ்வாறு திரிந்தது. வீட்டைத் தாங்கி நின்ற தோட்டத்தின் பெயரையே வீட்டு வாயிலில் எழுதியமை நேர்மையான செயல் என்றே கொள்ளலாம்.

1863 மார்கழியில் மகளும் மருமகனும் கமரா ஒன்றைப் பரிசளித்தபோது அம்மையாருக்கு வயது 48. நிலக்கரி அறை இருட்டறையாயிற்று. கோழிக்கூடு கண்ணாடிக் கூடமாகிப் படமெடுக்கும் இடமாயிற்று.

பிலிம் சுருள் சந்தைக்கு வந்தது 1880களிலேயே. அம்மையார் பழகியதோ பிரெடெரிக் ஸ்கொற் ஆச்சர் 1851இல் வெளியிட்ட ஈரத்தகட்டு முறை. வெடிபஞ்சை ஈதரிலும் மதுசாரத்திலும் கரைத்துப் பெறும் கொலோடியன் என்னும் பசையை, அயடைட்டு உப்புச் சேர்த்து, மாசற்ற கண்ணாடித் தகட்டின்மீது சீராகப் பரப்பவேண்டும். பின்னர் இருட்டறையில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அதனை அமிழ்த்தி, ஈரம் உலருமுன் கமராவிற் பொருத்திப் படமெடுத்து, உடனே இருட்டறைக்கு மீண்டு உருத்துலக்கவேண்டும். தூசி விழுந்தாற் புள்ளி. ஊற்றும் கை தயங்கினால் வரி. உலர்ந்தாலோ தகடே பாழ். எதிரே இருப்பவரும் மூன்று முதல் ஏழு நிமிடம்வரை அசையாதிருத்தல் வேண்டும்.

இம்முறையை அவர் எவ்வித முன்னறிவுமின்றித் தொடங்கினார். கமராவை எங்கே வைப்பது, குவியத்தை எவ்வாறு திருத்துவது என்பனகூடத் தெரியாதிருந்ததைத் தாமே 1874இல் எழுதிய நினைவுக் குறிப்பில் ஒப்புக்கொள்கிறார். முதலில் அமர்ந்தவர் உள்ளூர்க் குடியானவர் ஒருவர். அவருக்கு மணிக்கு அரைக் கிறவுண், அதாவது இரண்டரைச் சிலிங், கூலி கொடுக்கப்பட்டது. அந்நாளில் ஆங்கிலப் பண்ணைக் கூலியாள் ஒருவனுக்கு வாரம் முழுவதும் உழைத்தாற் பத்துப் பன்னிரண்டு சிலிங் அளவே கிடைத்தது. பல மணி நேரமும் பல அரைக் கிறவுணும் செலவானபின் ஒரு படம் தேறியது. வெற்றிக் களிப்பில் அதை உலர்த்தப் பிடித்தபோது, ஈரமான பக்கத்தின்மீது கை உராய்ந்து படம் அழிந்தது! அம்மையார் மனமுடையவில்லை. 1864 தையிலே ஆனி பில்போற் என்ற சிறுமியின் படம் நன்கு அமைந்தபோது அதையே தமது முதல் வெற்றியெனக் கொண்டாடினார். ஈரத் தகட்டோடு உணவறைக்கு ஓடிவந்து மேசைவிரிப்புகள் எத்தனையையோ நீங்காக் கறைபடுத்தியதையும், பொறுமை குறைந்த வேறு குடும்பமாயின் தம்மைத் துரத்தியிருக்கும் என்பதையும் நகைச்சுவையோடு குறிப்பிடுகிறார். விரிப்பை வெளுத்தவர் என்ன சொன்னார் என்பது எழுதப்படவில்லை.

பணம்தான் அவரைக் கலைஞராக்கியது என்று கூறின் அது கொச்சையான பொருள்முதல்வாதமாகும். குவியம் முற்றும் கூர்மையடையுமுன்னரே, தம் கண்ணுக்கு அழகெனப்பட்ட இடத்தில் வில்லையை நிறுத்திவிடுவது அவர் வழக்கம். கீறலையும் விரலடையாளத்தையும் சுட்டி நிழற்படக் கழகத்தார் எள்ளி நகையாடினர். அவர் தம் வழியை மாற்றவில்லை. 1867இல் அவர் எடுத்த விஞ்ஞானி ஹேர்ஷலின் முகமும், மரியன்னையாக வேடந்தாங்கிய பணிப்பெண் மேரி ஹில்லியரின் முகமும் இன்றும் நம்மைத் தடுத்து நிறுத்துவன. ஆயினும், பிழையைப் பிழையெனத் தள்ளாது அதனுள்ளே ஒரு பாணியைத் தேடுதற்கு மீண்டும் மீண்டும் கெடுக்கும் சுதந்திரம் வேண்டும். அச்சுதந்திரத்துக்கு ஆதாரமாயிருந்தவற்றுள் முதன்மையானது கோப்பி.

அக்கோப்பியைப் பறித்தோர் திருநெல்வேலியிலும் மதுரையிலும் இராமநாதபுரத்திலும் திருச்சியிலுமிருந்து கங்காணியின் முற்பணத்துக்குக் கட்டுண்டு வந்த தமிழர். மன்னார்க் கரையிலிறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதியிலும் பசியிலும் வழியோரம் வீழ்ந்தோர் பலர். எஞ்சியோர் கங்காணியின் கடனாளிகளாகவே மலையேறினர். ஒரு பிழைக்கும் இடமில்லாத வாழ்க்கை அவர்களுடையது.

1869இல் இலைநோய் தோட்டங்களைப் பற்றியது. முன்னரே கடன்பட்டிருந்த கமரன் குடும்பம் மேலும் நொடிந்தது; படங்களை விற்றுப் பொருளீட்டும் அம்மையாரின் முயற்சியும் போதிய பயனளிக்கவில்லை. 1875இல் தம்பதியர் இலங்கைக்குப் புறப்பட்டனர். பயணப் பொதிகளோடு தமக்கான சவப்பெட்டிகளையும் அவர்கள் கொண்டுவந்தது பலரும் சொல்லும் செய்தி. களுத்துறையில் வாழ்ந்தபோது அவர் எடுத்த படங்களுள் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. இரசாயனப் பொருளும் தூய நீரும் கிடைத்தல் அரிதாயிருந்தது. வேண்டிய அளவு கெடுத்துப் பழகும் வசதி இங்கே அவருக்கும் இல்லை.

1877இல் அவரைக் காணவந்த ஓவியர் மரியான் நோர்த் ஒரு செய்தி தருகிறார். வேலையாள் ஒருவனுடைய முதுகின் அழகில் மயங்கிய அம்மையார், அவனைத் தோட்டக்காரனாக வைத்திருக்குமாறு மகனை வற்புறுத்தினாராம். வீட்டுக்குத் தோட்டமே இல்லை! வேடிக்கைக் கதைதான், ஆனால் முதுகு வரலாற்றில் நிற்க, முதுகுக்குரியவன் பெயர் நிற்கவில்லை. பிரெஷ்வோட்டரிலே பணிப்பெண்ணாயினும் மேரி ஹில்லியருக்குப் பெயர் இருந்தது. மரியன்னை முதலாகப் பல வேடங்களும் இருந்தன. இங்கே தோட்டத் தொழிலாளரும் குடியானவரும் தத்தம் உடையிலேயே, பெரும்பாலும் பெயரின்றி, நேரே கமராவை நோக்குகின்றனர். அவருட் தமிழர் யார், சிங்களவர் யார் என்றுகூடப் பல படங்களில் துணிந்து கூறுதற்கில்லை.

1879 தை 26ஆந் திகதி டிக்கோயாப் பகுதியிலுள்ள கிளென்கேன் தோட்டத்தில் அம்மையார் காலமானார்; பொகவந்தலாவை சென். மேரிஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அதற்கு முந்திய ஆண்டில் எடுத்த படமொன்று களுத்துறைக் குடியானவர் சிலரைக் காட்டுகிறது. சிறுமிக்கு வயது பன்னிரண்டு, அவளுடைய தந்தை எனத் தம்மைக் கூறும் முதியவர் தமக்கு வயது நூறு என்கிறார் என்று படத்தோடு குறிப்பு உண்டு. வயதைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள்.