பலன: பார்த்திருந்த மலை

ஹட்டனிலிருந்து கோச்சியில் கொழும்புக்குப் போகிறவர்கள், கடுகண்ணாவையைத் தாண்டியதும் வருகிற ஒரு சின்னப் புகையிரத நிலையத்தைப் பார்த்திருப்பார்கள். பெயர் பலன. அந்தச் சிங்களச் சொல்லுக்குப் 'பார்க்கின்ற' என்பது பொருள். கண்டி இராச்சியத்தின் மேற்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த காவல் கோட்டையின் பெயரும் அதுவே. எத்தனையோ தடவை அவ்வழியே போயிருந்தும், அந்த மலையில் நான் ஏறியது ஒரே ஒரு முறைதான்.

மரங்களினூடே ஏறி உச்சிக்குப் போனேன். உயர்ந்த கோபுரத்தை எதிர்பார்த்துப் போகிறவருக்கு ஏமாற்றந்தான். எஞ்சியிருப்பவை கல் அடித்தளங்களும் சுவர்த் துண்டுகளுமே. ஆனால், அங்கே நின்று பார்த்தபோது அலகல்ல மலையும் பைபிள் பாறையும் அவற்றுக்கு அப்பால் தாழ்நாடும் விரிந்து கிடந்தன. கோபுரம் எதற்கு? அங்கே மலையே கோபுரம்.

1594இல் போர்த்துக்கேயர் படை இந்தக் கணவாய் வழியாகக் கண்டிக்கு ஏறியது, தந்துறையில் அழிந்தது. 1603இல் தளபதி அசவேது பலன கோட்டையைப் பிடித்தான். ஆனால், அவனோடு வந்த உள்ளூர் லஸ்கோரின் வீரர்கள் அவனைக் கைவிட்டார்கள். பிடித்த கோட்டையை விட்டுவிட்டுக் கொழும்புக்குப் பின்வாங்கினான். முதலாம் விமலதர்மசூரியனின் இராச்சியம் பிழைத்தது.

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமானது. படைகளை மறித்த மலையில் கோப்பிக்காக வழி திறந்தார்கள். 1867இல் கண்டிக்கும் 1884இல் ஹட்டனுக்கும் புகையிரதம் வந்தது. 1914இல் தலைமன்னார்–தனுஷ்கோடிக் கப்பல் இணைப்பு ஏற்பட்டபின், தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்களில் பலர் பலனவைக் கடந்துதான் மலையேறினார்கள்.

இறங்கியதும் அதே வழிதான். 1948இன் சட்டம் பிரஜாவுரிமையைப் பறித்தது. 1964இன் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்று கணக்கிட்டது. தலைமன்னாருக்குப் போன அந்தக் கோச்சிக்குத் தோட்டத்துச் சனங்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. என் பெரியப்பா குடும்பமும் அதில்தான் போயிற்று. ஹட்டன் மேடையில் பெரியம்மா யன்னல் கம்பியை விடாமல் பிடித்திருந்தது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அவரை நான் காணவில்லை.

மலையுச்சியில் நிற்கையில், கீழே கோச்சியொன்று கூவிக்கொண்டு போயிற்று. மரங்கள் மறைத்தன, சத்தம் மட்டுமே வந்தது. பெரியம்மாவும் இந்த வளைவில்தான் கடைசியாக மலைநாட்டைத் திரும்பிப் பார்த்திருப்பார்.

காவல் கோட்டைகள் வருகிற படையை எண்ணுவதற்காகக் கட்டப்பட்டவை. வாளும் துவக்கும் இல்லாமல், தகரப் பெட்டியோடும் பிள்ளைகளோடும் இறங்கிப்போனவர்களை எண்ண அங்கே காவலன் இருக்கவில்லை. பலனவின் வரலாற்றில் 1594க்கும் 1603க்கும் இடமுண்டு. அந்தக் கோச்சிகளுக்கும் அதில் ஓர் இடம் வேண்டும். நாம் எழுதினால்தான் அது கிடைக்கும்.