கே.எல்.ஐ.ஏ. – திருச்சி: தூரம் எவ்வளவு, எத்தனை மணி நேரம்?

குருபோங், செங், பத்து பிரண்டாம் வட்டாரத் தமிழர்கள் பலருக்குத் தமிழ்நாட்டில் இன்னும் உறவுகள் உண்டு. திருமணம் என்றால் திட்டமிட்டுப் போகலாம். துக்கச் செய்தி வந்தால், "நாங்கள் வரும்வரை எடுக்காமல் வைத்திருப்பார்களா?" என்பதே முதல் கேள்வி.

கே.எல்.ஐ.ஏ.விலிருந்து திருச்சிக்கு வான்வழித் தூரம் சுமார் 2,690 கிலோமீட்டர். சென்னைக்குச் சுமார் 2,630. இரண்டுக்கும் நேரடி விமானத்தில் ஏறக்குறைய 4 மணி நேரம். ஊர் தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் என்றால் திருச்சியே வசதி. சென்னையில் இறங்கினால் மேலும் 300 கிலோமீட்டருக்கு மேல் தரைவழியாகப் போக வேண்டும்.

இந்திய நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. காலை 9 மணி விமானம் அங்கு காலை 10.30 அளவில் இறங்கும். ஒன்றரை மணி நேரப் பயணம்போல் தோன்றினாலும் வீட்டிலிருந்து கணக்கிட வேண்டும்:

• குருபோங் – கே.எல்.ஐ.ஏ.: சுமார் 2 மணி நேரம்
• விமான நிலையத்தில் காத்திருப்பு: 3 மணி நேரம்
• பறக்கும் நேரம்: 4 மணி நேரம்
• குடிநுழைவுச் சோதனை, பெட்டி எடுத்தல்: 1 மணி நேரம்

மொத்தம் 10 மணி நேரம். அதிகாலை 4 மணிக்குக் கிளம்பினால், இந்திய நேரம் 11.30க்குத் திருச்சியில் வெளியே வரலாம். தஞ்சாவூருக்குப் பிற்பகல் 1 மணி ஆகும். உறவினரிடம் இந்த நேரத்தைச் சொல்லி, ஈமச்சடங்கைப் பிற்பகலில் வைக்கக் கேட்கலாம்.

இந்திய விசாவோ ஓ.சி.ஐ. அட்டையோ இல்லாமல் விமானம் ஏற முடியாது. வேளை தவறாமல் மருந்து எடுப்பவர்கள், நேர மாற்றம் குறித்து மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.