கிறிஸ்துமஸ் குடிலுக்கு பேட்டரி விளக்கு: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

தாப்பா –

கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டால் பட்டணத்து மலிவு விலைக் கடைகளிலும் இரவுச் சந்தைகளிலும் மெல்லிய செம்புக் கம்பியில் கோத்த குட்டி விளக்குச் சரங்கள் தொங்கத் தொடங்கிவிடும். கூடவே ஒரு சிறிய பேட்டரிப் பெட்டி இருக்கும். அதன் சுவிட்சைத் தட்டினால் குடிலும் மரமும் நட்சத்திரமும் மின்னும். பிளக் வேண்டாம், அறைக்கு அறை வயர் இழுக்கவும் வேண்டாம்.

பலகைச் சுவரும் பழைய வயரும் உள்ள தோட்ட வீடுகளுக்கு இவ்வகை விளக்கு மிகவும் பொருத்தமானது. ஆனால், வயரில் இருந்த ஆபத்து இப்போது பேட்டரிக்கு இடம் மாறியிருக்கிறது என்பதைப் பெற்றோர்கள் மறந்துவிடக்கூடாது. சரம் என்ன நிறத்தில் எரிகிறது என்று பார்ப்பதற்கு முன், அதற்குள் எந்த பேட்டரி போகிறது என்று பார்த்து வாங்குவதே முக்கியம்.

மெழுகுவர்த்தி முதல் எல்இடி வரை

கிறிஸ்துமஸ் மரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும் வழக்கம் ஜெர்மனியிலிருந்து பரவியது. காய்ந்த மரக்கிளையில் நெருப்பு எரிவதால், பக்கத்திலேயே வாளியில் தண்ணீர் வைத்துக்கொள்வார்கள். 1882ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி, தாமஸ் எடிசனின் கூட்டாளியான எட்வர்ட் ஜான்சன் நியூயார்க்கில் உள்ள தம் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என 80 மின்விளக்குகளைப் பொருத்தினார். மின்விளக்கால் அலங்கரிக்கப்பட்ட முதல் கிறிஸ்துமஸ் மரமாக அது கருதப்படுகிறது.

அதன்பின் வந்த குமிழ் விளக்குச் சரங்களுக்கு இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, சூடாகும். மற்றொன்று, பல சரங்களில் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருந்ததால் ஒரு குமிழ் போனால் முழுச் சரமும் அணைந்துவிடும். எல்இடி வந்த பிறகு சூடாகும் குறை பெருமளவு நீங்கியது. சிவப்பும் பச்சையும் முன்பே இருந்தாலும், பிரகாசமான நீல எல்இடி 1990களில்தான் சாத்தியமானது. வெள்ளை எல்இடி பிறந்தது அதிலிருந்துதான். நீல எல்இடியை உருவாக்கிய அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இன்று குடிலில் மின்னும் கடுகளவு விளக்கு அந்தக் கண்டுபிடிப்பின் வாரிசு.

மின்நிலையத்தின் ஊர்

மின்சாரத்தைப் பற்றிப் பேசினால் தாப்பா வட்டாரத்தை விட்டுவிட முடியாது. கேமரன் மலையின் ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கீழிறங்கி, ஜோர் பகுதியில் பூமிக்கடியில் அமைந்துள்ள சுல்தான் யூசோப் மின்நிலையத்தின் சுழலிகளை இயக்குகிறது. 1963இல் செயல்படத் தொடங்கிய அந்நிலையத்தின் திறன் 100 மெகாவாட். அதே நீர் இன்னும் கீழே வந்து, 150 மெகாவாட் திறன் கொண்ட வோ மின்நிலையத்திலும் மின்சாரமாகிறது.

இருந்தும், நாட்டின் பல தோட்டங்களில் நீண்ட காலத்திற்கு மண்ணெண்ணெய் விளக்கும், தோட்ட நிர்வாகத்தின் ஜெனரேட்டர் மாலையில் சில மணி நேரம் தரும் வெளிச்சமும்தான் இருந்தன. மூங்கில் குச்சியில் வண்ணக் காகிதம் ஒட்டிய நட்சத்திரத்தை வாசலில் தொங்கவிட்டாலும், ஜெனரேட்டர் நின்றதும் அது இருளில் மறைந்துவிடும். மெழுகுவர்த்தி வைத்தால் காகிதம் பற்றிக்கொள்ளும் பயம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பிறகே இரவு முழுதும் எரியும் நட்சத்திரம் பலருக்கு வாய்த்தது.

பழைய வீடுகளுக்கு ஏன் பொருத்தம்?

லயத்து வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்பவை. ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அடுத்த வீட்டுக்குப் பரவ நேரமாகாது. பிளக் பாயிண்டுகளும் குறைவு என்பதால், தொலைக்காட்சி, மின்விசிறி, அலங்கார விளக்கு எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷனில் சேர்ந்துவிடும். பெருநாள் காலத்தில் அந்த வயர் சூடாவதைக் கவனிக்க ஆள் இருக்காது.

பேட்டரி சரத்தில் 230 வோல்ட் என்ற பேச்சே இல்லை. டபுள்-ஏ பேட்டரி ஒவ்வொன்றும் 1.5 வோல்ட். மூன்றைப் போட்டால் 4.5 வோல்ட்தான். கம்பியைத் தொட்டாலும் ஷாக் அடிக்காது. விளக்கும் சூடாவதில்லை என்பதால் காகித நட்சத்திரத்துக்குள்ளும், குடிலில் பரப்பிய வைக்கோல், காய்ந்த லாலாங் புல் நடுவிலும் தைரியமாக வைக்கலாம். விளக்குகள் பக்கவாட்டு இணைப்பில் இருப்பதால் ஒன்று பழுதானாலும் மற்றவை எரியும்.

எந்த பேட்டரி?

கடைகளில் இரண்டு வகைச் சரங்கள் கிடைக்கின்றன. ஒன்று டபுள்-ஏ அல்லது டிரிபிள்-ஏ பேட்டரி போடுவது. மற்றொன்று, நாணயம் போன்ற தட்டையான பொத்தான் பேட்டரி போடுவது. இரண்டாவது வகை பார்வைக்குச் சிறியதாகவும் மறைத்து வைக்க எளிதாகவும் இருக்கும். ஆனால் கணக்குப் பார்த்தால் அது நட்டம்.

ஒரு சரம் 50 மில்லிஆம்பியர் மின்சாரம் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டபுள்-ஏ ஆல்கலைன் பேட்டரியின் கொள்ளளவு ஏறக்குறைய 2,000 மில்லிஆம்பியர்-மணி. ஆகவே 40 மணி நேரம் எரியும். இரவுக்கு ஆறு மணி நேரம் என்றால் ஆறேழு நாள் தாங்கும். சிஆர் 2032 எனப்படும் பொத்தான் பேட்டரியின் கொள்ளளவோ ஏறக்குறைய 220தான். அதே சரத்தை அது நான்கு மணி நேரம் எரிய வைப்பதே பெரிது.

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு தொடங்கி, மூன்று அரசர்கள் திருநாளான ஜனவரி 6 வரை விளக்கு வைக்கும் வீடுகளுக்கு ஐந்தாறு முறை பேட்டரி மாற்ற நேரிடும். அவர்கள் ரீசார்ஜ் செய்யும் பேட்டரியும் சார்ஜரும் வாங்குவது மலிவு. அவை 1.2 வோல்ட் என்பதால் வெளிச்சம் சற்று மங்கலாக இருக்கும். அவ்வளவுதான் வேறுபாடு. ஆறு மணி நேரம் எரிந்து தானாக அணையும் டைமர் உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்கினால், அணைக்க மறந்துவிட்டோமே என்ற கவலையும் இருக்காது.

குழந்தை விழுங்கினால்

பொத்தான் பேட்டரியைத் தவிர்க்கச் சொல்வதற்குப் பெரிய காரணம் காசு அல்ல, குழந்தைகள். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள லித்தியம் பொத்தான் பேட்டரியைச் சிறு குழந்தை விழுங்கினால் அது உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளக்கூடும். அங்குள்ள ஈரத்தில் மின்னோட்டம் பாய்ந்து காரப்பொருள் உருவாகி, சதையை அரிக்கத் தொடங்கும். இரண்டு மணி நேரத்திலேயே கடுமையான புண் ஏற்படலாம். உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. விளக்கை எரிய வைக்கச் சக்தி இல்லாத பழைய பேட்டரியாலும் இந்த ஆபத்து உண்டு.

ஆஸ்திரேலியா 2020இல் இதற்கெனத் தனி விதிகளை அறிவித்து, 2022 ஜூன் முதல் கட்டாயமாக்கியது. பொத்தான் பேட்டரி உள்ள பொருள்களின் மூடியைக் குழந்தைகள் திறக்க முடியாதபடி அமைக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அமெரிக்காவிலும் 2022இல் இதே நோக்கத்தில் சட்டம் வந்தது. இங்கு வாங்குவோரும் மூடி ஸ்க்ரூ போட்டு முடுக்கப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும். விரல் நகத்தால் திறக்கும் மூடி என்றால், சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது வேண்டாம்.

எச்சில் வடிதல், இருமல், சாப்பிட மறுத்தல், நெஞ்சு வலி ஆகியவை அறிகுறிகள். சில குழந்தைகளிடம் எந்த அறிகுறியும் தெரியாது. விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வாகனம் இல்லாதவர்கள் 999ஐ அழைக்கலாம். வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. பேட்டரியின் உறை கையில் இருந்தால் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. எக்ஸ்ரே எடுத்தால்தான் பேட்டரி எங்கே இருக்கிறது என்று தெரியும். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலும் இதே அவசரம்தான்.

கட்டும்போது கவனம்

மலையடிவாரத்தில் உள்ள தாப்பாவில் ஆண்டிறுதி என்றாலே மழை. வாசலில் கட்டும் சரத்தின் பெட்டியில் ‘ஐபி 44’ என்றிருந்தால் சாரலைத் தாங்கும். ‘ஐபி 65’ என்றால் பீய்ச்சும் நீரையும் தாங்கும். பல நேரங்களில் அந்தக் குறியீடு சரத்துக்கு மட்டுமே பொருந்தும், பேட்டரிப் பெட்டிக்குப் பொருந்தாது. ஆகவே பெட்டியைக் கூரைக்கு உள்பக்கமாக, குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைப்பது நல்லது.

புதிய பேட்டரியுடன் பழையதைக் கலந்து போடக்கூடாது. வெவ்வேறு வகைகளையும் கலக்கக்கூடாது. பலவீனமான பேட்டரி சூடாகிக் கசியும். சாதாரண ஆல்கலைன் பேட்டரியைச் சார்ஜரில் போடுவதும் ஆபத்து. பிளக்கில் செருகும் விளக்கோ அடாப்டரோ வாங்குவதாக இருந்தால் சிரிம் முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும்.

பெருநாள் முடிந்த பிறகு

குடிலைப் பிரிக்கும் அன்றே பேட்டரிகளைக் கழற்றிவிட வேண்டும். உள்ளேயே விட்டால் அடுத்த டிசம்பருக்குள் கசிந்து, பெட்டியின் கம்பிகளில் வெள்ளைப் பூச்சாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்திருந்தால் கையுறை அணிந்து, பஞ்சில் சிறிது எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டால் பல பெட்டிகள் மீண்டும் வேலை செய்யும். சரத்தைப் பால் டின்னில் சுற்றி வைத்தால் சிக்கு விழாது.

தீர்ந்த பேட்டரிகளைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தக்கூடாது, அவை வெடிக்கும். பொத்தான் பேட்டரியாக இருந்தால் இரு பக்கமும் ஒட்டு நாடா ஒட்டி, மூடியுள்ள டப்பாவில் போட்டு, மறுசுழற்சிப் பொருள் சேகரிக்கும் இடத்தில் சேர்க்கலாம்.

திறந்த இல்ல உபசரிப்புக்கு வரும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் முதலில் ஓடிப் பார்ப்பது குடிலைத்தான். அவர்கள் கைநீட்டித் தொட்டாலும் பயமில்லாதபடி, டபுள்-ஏ பேட்டரியும் ஸ்க்ரூ போட்ட மூடியும் உள்ள விளக்கை இந்த ஆண்டு தேர்ந்தெடுப்போம்.