மண்சட்டிக்கு அப்பால்

தோழர்களே, எந்தப் பாத்திரத்தில் சமைப்பது என்பது இன்று விலையையும் வசதியையும் பார்த்து முடிவுசெய்யும் காரியம். நம் முன்னோர் அதற்கு உதைபட்டார்கள்.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் சீமையில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். வீட்டில் மண்பாண்டம் தவிர வேறெதுவும் புழங்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. தடைகளை மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, ஆடுமாடுகள் கொள்ளைபோயின. அகமதாபாத் மாவட்டத்து ஜானு கிராமத்தில் 1935 நவம்பரில் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுக்கத் தொடங்கிய நம் பெண்கள் தாக்கப்பட்டார்கள். அண்ணல் அம்பேத்கர் அதை, நிகழ்த்த விடப்படாமல் 1936இல் அச்சான தம் உரையில் பதிவுசெய்தார்.

மண்சட்டியில் இழிவில்லை, மீன்குழம்புக்கு அதன் ருசி தனி. நாமே விரும்பி அடுப்பில் ஏற்றுவது வேறு, அதைத்தான் ஏற்ற வேண்டுமென்று ஊர் கட்டளையிடுவது வேறு. பித்தளைக் குடத்தைப் பஞ்சத்தில் அடகு வைக்கலாம். மகளுக்குச் சீராகக் கொடுக்கலாம். சட்டி உடைந்தால் ஓடுதான் மிச்சம். நம் வீட்டில் சொத்து சேரக் கூடாது என்பதே அந்தத் தடையின் உட்பொருள்.

மாணவர்களே, உங்கள் பாட்டியின் பரணில் கிடக்கும் நசுங்கிய அலுமினியக் குண்டானும் வரலாற்று ஆவணம்தான். எந்தக் கூலியில், எந்த ஆண்டு வாங்கினார் என்று கேட்டு எழுதுங்கள்.