கே. சி. எஸ். பணிக்கரும் சோழமண்டலமும்

கோயம்புத்தூரில் பிறந்த ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977), சென்னைக் கலைப்பள்ளியில் தேவிபிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்று, பின்னர் அதே பள்ளியின் முதல்வராகப் பொறுப்பேற்று, தென்னிந்திய நவீனக் கலைக்கு ஒரு தளத்தை அமைத்துக்கொடுத்தவர். 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார்.

பள்ளியை விட்டு வெளியேறிய இளம் ஓவியர்கள், ஓவியம் விற்காத காலத்தில் பிழைப்புக்காக வேறு வேலைகளுக்குச் சென்று தூரிகையைக் கைவிட நேர்ந்ததே அவரை மிகவும் வருத்தியது. அதற்கு அவர் கண்ட தீர்வு எளியது, ஆனால் துணிவு மிக்கது: துணியில் மெழுகு பூசிச் சாயமேற்றும் பத்திக் முதலிய கைவினைப் பொருள்களைக் கூட்டாகச் செய்து விற்று, அந்த வருவாயால் கலைஞர்கள் தம் ஓவியத்தையும் சிற்பத்தையும் சுதந்திரமாகத் தொடர்வது. இவ்வாறு திரண்ட பணத்தில் நிலம் வாங்கப்பட்டு, 1966-இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலக் கலைஞர் கிராமம் உருவானது. அரசையோ புரவலரையோ நம்பாமல் கலைஞர்களே கட்டியெழுப்பியது என்பதே இதன் தலையாய பெருமை. ஜே. சுல்தான் அலி, எஸ். ஜி. வாசுதேவ், உலோகத் தகட்டைத் தட்டிச் சிற்பம் வடித்த பி. வி. ஜானகிராம் போன்றோர் இங்கு இயங்கினர்.

பணிக்கரின் சொந்தப் படைப்பும் இக்காலத்திலேயே உச்சம் தொட்டது. 1963-இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசையில், மலையாள எழுத்தை ஒத்த, ஆனால் பொருள் கொள்ள இயலாத வரிவடிவங்களும் ஜாதகக் கட்டங்களும் கணிதக் குறிகளும் வண்ணப் பரப்பில் நெருங்கி அமைகின்றன. மேலை நவீனத்துவத்தைப் படியெடுக்காமல், ஓலைச்சுவடியும் ஜாதகமும் புழங்கிய மண்ணிலிருந்தே அரூபக் கலை, அதாவது புற உருவத்தைப் பின்பற்றாத கலை, பிறக்க முடியும் என்பதை இவ்வரிசை நிறுவியது.