வரியில்லாத் தீவு

பிழைப்பை நாடி ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் நாம். தில்லியிலோ நாகபுரியிலோ குடியிருக்கும் நமக்கு, வேலை இருக்கும் இடம் நோக்கிப் பெயர்வது புதிதன்று. ஆனால், செல்வம் கைக்கு வந்த பின்னர், அதன் மீது விழும் வரியைத் தவிர்ப்பதற்காகவே நாடு மாறியவர்களும் உண்டு. அத்தகையோருள் ஒருவர் சர் ஹாரி ஓக்ஸ்.

அமெரிக்காவின் மெயின் மாகாணத்தில் 1874இல் பிறந்த ஓக்ஸ், பொன் தேடிப் பல நாடுகள் அலைந்து, 1912இல் கனடாவின் கர்க்லண்ட் ஏரிப் பகுதியில் அதனைக் கண்டார், பெருஞ் செல்வரானார். அந்நாட்டில் 1917இல் போர்ச் செலவுக்கெனத் தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்ட வருமான வரி, போர் முடிந்தும் நீங்கவில்லை. (தற்காலிகம் என்னும் சொல்லின் ஆயுளை அரசு அலுவலகங்களில் பணிபுரியும் நாம் நன்கு அறிவோம்.) மனம் கசந்த ஓக்ஸ், 1930களின் நடுவில், அன்று பிரிட்டிஷ் காலனியாயிருந்த பஹாமாத் தீவுகளின் தலைநகரான நாஸோவில் குடியேறினார். அங்கே வருமான வரி இல்லை. நிலம் விற்பனை செய்துவந்த ஹரால்ட் கிறிஸ்டி என்பவர் அவரை வரவேற்றார். ஓக்ஸ் அங்கே விமானத்தளம் அமைத்தார். பலருக்கு வேலை அளித்தார். அதனை மறைப்பது நியாயமாகாது.

வருமான வரி இன்றி அரசு எவ்வாறு நடந்தது? சுங்கத்தால் நடந்தது. அத்தீவுகளில் விளைவது சொற்பம்; மாவும் துணியும் கப்பலில் வந்தே தீர வேண்டும். அவற்றின் மீது துறைமுகத்தில் விதித்த தீர்வையே கருவூலத்தின் முதன்மையான வருவாய். சுரங்க அதிபரும், கடலில் பஞ்சுயிரி எடுத்துப் பிழைத்த ஏழையும் ஒரு மூட்டை மாவுக்குச் செலுத்திய தீர்வை ஒன்றே. 1938இன் இறுதியில் நோய் பரவிப் பஞ்சுயிரிகள் அழிந்தபோது, அவ்வேழைக்குத் தொழில் போயிற்று, தீர்வை போகவில்லை.

1942இல் போரின் பொருட்டு நாஸோவில் விமானத்தளப் பணிகள் தொடங்கின. உள்ளூர்த் தொழிலாளருக்கு நாட்கூலி 4 ஷில்லிங். உடன் உழைத்த அமெரிக்கருக்கோ பன்மடங்கு. ஜூன் 1ஆம் நாள் தொழிலாளர் திரண்டு பே தெருவுக்குச் சென்றனர், கடைகள் உடைபட்டன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. அன்றைய கவர்னர், முடி துறந்த மன்னரான வின்ட்ஸர் கோமகன். வாஷிங்டனிலிருந்து விரைந்து திரும்பிய அவர், கூலியில் 1 ஷில்லிங் உயர்த்தி, நண்பகல் உணவும் அளிக்கச் செய்தார்.

பஹாமா 1973இல் விடுதலை பெற்றது. தனிமனிதருக்கு வருமான வரி இன்றும் இல்லை. ஆனால் 2015 ஜனவரி முதல், வாங்கும் பொருள்மீது மதிப்புக் கூட்டு வரி உண்டு.

ஓக்ஸ் இவற்றையெல்லாம் காணவில்லை. 1943 ஜூலை 8ஆம் நாள் காலை, தம் படுக்கையறையில் கொலையுண்டு கிடந்தார். குற்றஞ்சாட்டப்பட்ட மருமகன், மொரீஷியஸில் பிறந்த அல்பிரட் டி மாரின்யி, அவ்வாண்டு நவம்பரில் விடுதலையானார். கொன்றவர் யார் என்பது இன்றளவும் துலங்கவில்லை. ஓக்ஸின் உடல் பஹாமாவில் அடக்கம் செய்யப்படவில்லை. அவர் பிறந்த மெயின் மாகாணத்திற்கே அது கொண்டு செல்லப்பட்டது.