மார்கழிக்கும் வைகாசிக்கும் நடுவே: அம்பத்தூர், ஆவடி தெருநாய்க் கூட்டங்களின் சாவும் நோயும்

ஓநாய்க் கூட்டங்கள் எதனால் அழிகின்றன என்பதற்கு அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் ஓரளவு தெளிவான விடை உண்டு. 1995இல் கொண்டுவந்து விடப்பட்ட ஓநாய்களையும் அவற்றின் வழிவந்தவற்றையும் கழுத்துப்பட்டைக் கருவியால் தொடர்ந்து கவனித்தார்கள். பூங்காவுக்குள் வளர்ந்த ஓநாயைக் கொல்வது பெரும்பாலும் பக்கத்துக் கூட்டத்து ஓநாய். குட்டிகளைச் சாய்த்தது டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய். 1999, 2005, 2008 ஆகிய ஆண்டுகளில் அது வந்துபோனது. வளர்ந்தவை பெரும்பாலும் தாக்குப்பிடித்தன.

சென்னை அம்பத்தூரில் ஓநாய் இல்லை. அதன் ரத்த உறவான தெருநாய் இருக்கிறது. தொழிற்பேட்டையின் சந்துக்குச் சந்து தனித்தனிக் கூட்டமாக, எல்லை வகுத்து வாழ்கிறது. இவற்றின் எண்ணிக்கையையும் கடியையும் பற்றித்தான் நாம் ஓயாமல் பேசுகிறோம், சாவைப் பற்றி அல்ல. ஆனால் இக்கூட்டங்கள் எவ்வளவு வேகமாகச் சாகின்றனவோ அவ்வளவுக்கு வெறிநோய் வேரூன்ற இடம் கிடைக்கிறது என்பதே என் வாதம்.

மேற்கு வங்கத்தில் 364 தெருநாய்க் குட்டிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2016இல் வெளியானது. ஏழு மாதம் தாண்டியவை 19 விழுக்காடு மட்டுமே. இறப்புகளில் பாதிக்கு மேல் வண்டி, அடி, விஷம் என்று ஏதோ ஒரு வகையில் மனிதர் தொடர்பானவை. நம் பகுதிக்கு இதே விகிதத்தை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையைக் காலையில் கடப்பவர் எவருக்கும் படம் புரியும்.

இனி ஒரு சின்னக் கணக்கு. ஒரு பகுதியில் 100 நாய். 70க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்று. உலக சுகாதார நிறுவனம் கேட்கும் அளவும் அதுதான். ஓராண்டில் மூன்றில் ஒரு பங்கு செத்து, அந்த இடத்தைப் புதிய நாய்கள் பிடித்தால், ஊசி பெற்றவை 47 ஆகச் சுருங்கும். ஊசி கெட்டுப்போகவில்லை, ஊசி போட்டுக்கொண்ட நாய்தான் இல்லை. பிடித்துக் கொல்வதும் இதையேதான் செய்கிறது. சென்னை மாநகராட்சி 1990களின் நடுப்பகுதிவரை நாய்களைக் கொன்றுவந்தது. நோய் ஊரைவிட்டுப் போகவில்லை.

குட்டிகள் சாவது இயற்கையே செய்யும் கருத்தடை என்று சொல்பவர்கள் உண்டு, படித்தவர்களிலும். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாலைந்து மாதம் உயிரோடிருந்து சாகும் குட்டி, ஊசி போடாத உடம்போடு கூட்டத்தில் திரிந்துவிட்டுத்தான் சாகிறது.

மார்கழி நாய்களின் மாதம் என்பது ஊர்ப் பேச்சு. ஆண்டு முழுவதும் ஈன்றாலும், மார்கழியில் சினைப்பட்டது அறுபத்து மூன்று நாள் கழித்து மாசியிலோ பங்குனியிலோ குட்டி போடும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஆறாவது வாரத்திலிருந்து தேயத் தொடங்கும். அதாவது சித்திரை, வைகாசி: வெயில் உச்சம், தண்ணீர் இல்லை, குட்டி தாயை விட்டு ரோட்டுக்கு வரும் பருவம். பார்வோ வைரஸ் பிடிப்பதும் அப்போதுதான். வாந்தி, ரத்தம் கலந்த கழிச்சல், இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் அந்தக் கிருமி மாதக்கணக்கில் சாகாது. அமெரிக்காவின் ஐல் ராயல் தீவில் இதே பார்வோதான், வளர்ப்பு நாய் வழியாக வந்து, 1980இல் 50 ஆக இருந்த ஓநாய்களை இரண்டே ஆண்டில் 14 ஆக்கியது.

டிஸ்டெம்பரின் சிக்கல் வேறு. பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு நாய் கிடக்கும். கண்ணில் பீளை, மூக்கில் கெட்டிச் சளி, பாதத்தின் தோல் தடித்திருக்கும். ஒரு கால் தாளம் தட்டுவதுபோல் வெட்டும், தூங்கும்போதும் நிற்காது. வலிப்பு வந்து வாயில் நுரை தள்ளினால் போதும், “வெறிநாய்” என்று யாராவது கத்துவார்கள். மீதியைக் கல்லும் கட்டையும் பார்த்துக்கொள்ளும். வெறிநோயா என்பதை உறுதிசெய்ய மூளைத் திசுவைச் சோதிக்க வேண்டும். தெருவில் அடித்துக் கொன்ற நாயை அதற்காக யார் தூக்கிப் போகப் போகிறார்கள்? நோய் எது என்பதைத் தெருவே முடிவுசெய்துவிடுகிறது.

எத்தியோப்பியாவின் பேல் மலையில் ஊர் நாய்களிடமிருந்து வெறிநோய் தொற்றி ஓநாய்கள் கொத்துக்கொத்தாகச் செத்தன. 2003இல் பரவியபோது எல்லா ஓநாய்க்கும் ஊசி போடவில்லை. கூட்டங்களை இணைக்கும் குறுகிய வழிகளில் இருந்தவற்றுக்குப் போட்டுத் தடுத்தார்கள். நமக்கும் அப்படி ஒரு வழி உண்டு. அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியில், ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. மூன்று நிர்வாகமும் மூன்று வேறு மாதங்களில் ஊசி போட்டால், திருமுல்லைவாயில் போன்ற எல்லையோரத்து இறைச்சிக் கடைக் கூட்டங்கள் எப்போதும் பாதி காப்போடுதான் இருக்கும். மூவரும் சேர்ந்து வைகாசியில், மூன்று மாதம் நிரம்பாத குட்டிகளையும் விடாமல், போடுவதே பொருத்தம்.

அதற்கு முன்னால் ஒரு சாவுப் பதிவேடு வேண்டும். நாயின் உடலை எடுக்கவரும் தூய்மைப் பணியாளர் கண்ணில் முதலில் படுவது டயர் தடமோ, மூக்குச் சளியோ, வாலடி ரத்தமோதான். எது என்று ஒரு கட்டத்தில் குறி, பக்கத்தில் தெருப் பெயர், நாயா குட்டியா என்ற விவரம். இவ்வளவுதான் அந்தப் பதிவேட்டின் அகலம்.